பாதி விலை மதியத்தில் பெண் பார்த்த கதை

போன லெந்துத் தவக்காலத்தில், உபவாச ஜெபம் முடிந்து கஞ்சி ஊற்றும்போது ரூபிலாக்கா எனக்குச் சொன்னது இது. பொய் இருந்தால் ஆண்டவர் அவளிடமே கேட்டுக்கொள்வார்.

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் சீலாஸ், எப்பிராயீம், தீத்து என்று மூன்று அண்ணன்மார். ஒரே தங்கை கிருபை. இவர்கள் வாயைத் திறந்தே அவளுக்கு இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. மூன்றாவது வரன் வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அன்று காலையில்தானா கரண்டு ஆள் வந்து புது மீட்டர் மாட்ட வேண்டும்!

"இனிமே நேரத்துக்கு ஒரு விலை. சாயங்காலம் ஆறுலயிருந்து பத்து வரை ரெண்டு மடங்கு, மதியம் பாதி. சாயங்கால வேலையை எல்லாம் மதியத்துக்கு மாத்திக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"சாயங்காலம் நமக்கு என்னலே வேலை?" என்றான் மூத்தவன் சீலாஸ்.

"லைட்டு போடணும். ஜெபம் பண்ணணும். இன்னைக்கு மாப்பிள்ளை வீட்டாரை உபசரிக்கணும்" என்றான் தீத்து.

"அப்போ அதையும் மாத்து."

"அவங்க ஏழு மணிக்குத்தானே அண்ணே வருவாங்க!" கிருபை அழாத குறை.

"வர்றது அவங்க வேலை. உபசரிக்கிறதுதான் நம்ம வேலை."

உச்சி வெயிலில் எல்லா விளக்கும் எரிந்தது. ஐந்து நாற்காலி போட்டு, ஃபேனைத் திருப்பி வைத்தார்கள். பட்டுச்சேலை கட்டி, காபித் தட்டோடு காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்றாள் கிருபை.

"மாப்பிள்ளைக்குக் கூச்சம் போல. பேசவே மாட்டேங்காரு" என்றான் எப்பிராயீம்.

"நல்ல குடும்பம்லே. நகையைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலையே!" என்றான் சீலாஸ்.

விருந்தாளிக்குச் சுட்ட முப்பத்திரண்டு பஜ்ஜியும் வீணாகக் கூடாதென்று மூவரும் தின்றார்கள். அப்புறம் கேட் வரைக்கும் போய் வழியனுப்பினார்கள்.

ஏழு மணிக்கு வேன் வந்தது. வீடு கும்மிருட்டு.

"யாரு?"

"மாப்பிள்ளை வீடு!"

"மதியந்தானே வந்துட்டுப் போனீங்க? எதையாவது மறந்து வச்சிட்டீங்களா?" என்றான் சீலாஸ்.

கதவுக்குப் பின்னால் கிருபை தலையில் அடித்துக்கொண்டாள்.

"மதியமா?" என்று திகைத்தார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஆமா மாமா. புது மீட்டர் மாட்டியாச்சுல்லா?"

"அட, மீட்டரா! எங்க வீட்டுலயும் மாட்டியாச்சே. அப்போ மதியமே வந்திருப்போம்." மனைவியிடம் திரும்பினார். "ஏட்டி, நீயாவது ஞாபகப்படுத்தக் கூடாதா?" பிறகு மெதுவாகக் கேட்டார்: "பொண்ணு பிடிச்சிருக்குன்னு சொன்னோமா?"

"சொல்லலை மாமா. ஆனா முப்பத்திரண்டு பஜ்ஜி காலி."

"அப்போ பிடிச்சுத்தான் போயிருக்கு!"

வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் வீட்டில் ராத்திரி சாப்பிட இலை போட்டதற்கு, மத்தியானம் தின்ற பஜ்ஜியே நெஞ்சில் நிற்கிறது என்று வயிற்றைத் தடவிக்கொண்டு படுத்துவிட்டாராம் அந்த மனுஷன்.

அந்தக் கிருபைக்காக ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கிடுங்க.