திருட்டுப் பிள்ளையாரும் உலகளந்தானின் வலது கையும்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்கு எல்லாம் தெரியும் என்று அரசர்கள் மட்டும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ரணதீர கேசரி என்றொரு மன்னர் ஒரு நாட்டை ஆண்டுவந்தார். போர்க்களத்தில் அவர் குழம்பியதே இல்லை. போர்க்களத்துக்குப் போனால்தானே குழம்புவதற்கு. அவர் குழம்பியதெல்லாம் தன் வீட்டுப் பூஜையறையில்தான்.

அந்த அறையில் சாமி சிலைகள் தேர்த்திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்து நின்றன. நின்றது போதாதென்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் இருந்தது. அர்த்தம் சொல்வதற்கென்றே அரண்மனையில் ஓர் உத்தியோகம் இருந்தது. அந்த உத்தியோகத்தில் பேரின்பநாதர் என்பவர் இருந்தார். விக்கிரக வியாக்கியானி என்பது அவருடைய பட்டம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவனுக்கு மூச்சு வாங்கும்.

"பிரபு, நிற்கும் லட்சுமியை வீட்டில் வைத்தால் செல்வம் கிளம்பிப் போய்விடும். உட்கார்ந்த லட்சுமிதான் தங்குவாள்" என்பார் பேரின்பநாதர். மன்னர் உட்கார்ந்த லட்சுமியை வரவழைப்பார். "புல்லாங்குழல் கண்ணன் வேண்டாம், இருப்பதை எல்லாம் ஊதிவிடுவான்" என்பார். கண்ணன் கையிலிருந்து குழலைப் பிடுங்கிவிடுவார்கள். "பிள்ளையாருக்குத் துதிக்கை இடப்பக்கம் திரும்பினால் சாந்தம், வலப்பக்கம் திரும்பினால் நியமம் தவறக்கூடாது." மன்னருக்குத் தன்னுடைய இடது எது, பிள்ளையாருடைய இடது எது என்பதிலேயே காலைப்பொழுது போய்விடும். ஒருவரைப் பார்த்துக் கும்பிட்டால் இன்னொருவருக்கு முதுகைக் காட்டியதாகிவிடுமே என்று பயந்து, வாசற்படியிலேயே நின்று பொத்தாம்பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவார்.

ஒருநாள் சபையில் மன்னர் பெருமூச்சு விட்டார். "இத்தனை தெய்வங்கள் இருந்தும் ஒருவராவது நம் பேச்சைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லையே. என்ன காரணம்?"

பேரின்பநாதர் எழுந்தார். "காரணம் வெளிப்படை, பிரபு. இவையெல்லாம் விலைக்கு வாங்கியவை அல்லது காணிக்கையாக வந்தவை. பிள்ளையாரைத் திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் சக்தி அதிகம் என்பது ஊரறிந்த நம்பிக்கை. தன்னைத் திருட அனுமதிப்பவர், திருடியவனுடைய அகங்காரத்தையே திருடிவிடுகிறார் என்பது அதன் உட்பொருள்."

மன்னருக்கு உட்பொருள் புரியவில்லை. திருட்டு என்பது மட்டும் புரிந்தது. மறுநாளே பரதேசி வேடம் போட்டுக்கொண்டு திருடக் கிளம்பிவிட்டார். வேடம் போட்டது மன்னர் மட்டும்தான். பின்னால் வந்த வெண்கொற்றக் குடைக்காரன் போடவில்லை. பூக்காரி மருதாயி வீட்டு மாடத்திலிருந்த பிள்ளையாரைப் பரதேசி துண்டுக்குள் மறைத்தபோது அவள் பதறிப்போய், "மகாராசா, அடியில கொஞ்சம் ஆடும். பாத்துப் புடிச்சுக்கங்க" என்றாள்.

"அம்மா, நான் இதைத் திருடுகிறேன்" என்றார் மன்னர்.

"உங்க நாட்டுல உங்க பொருள நீங்க எடுத்துக்கறதுக்கு எதுக்கு சாமி அவ்வளவு பெரிய வார்த்த? இருங்க, பீடமும் இருக்கு, அதையும் தாரேன்."

போன இடமெல்லாம் இதே கதைதான். குடிமக்கள் எடுத்தால் திருட்டு. மன்னர் எடுத்தால் வரி. நாட்டில் எல்லாமே தன்னுடையதாக இருப்பதில் இப்படியொரு சங்கடம் இருக்கும் என்று மன்னர் கனவிலும் நினைக்கவில்லை. சபைக்குத் திரும்பி வந்து, "நமக்காக யாராவது திருடித் தர வேண்டும்" என்றார்.

பேரின்பநாதரின் கண்கள் விகடகவி உலகளந்தான் மேல் போய் நின்றன. பெயர்தான் உலகளந்தான், ஆளை அளந்தால் கதவுத் தாழ்ப்பாள் உயரம். பேரின்பநாதருக்கு அவன் மேல் பழைய வஞ்சம் ஒன்று உண்டு. "பிள்ளையாரின் மூஞ்சூறு என்பது நம் ஆசையின் வடிவம்" என்று அவர் உருகி உருகி விளக்கிக்கொண்டிருந்தபோது, "அப்படியானால் என் வீட்டு அரிசிப் பானைக்குள் இருப்பது யாருடைய ஆசை, ஐயா?" என்று கேட்டுத் தொலைத்தான். மன்னர் சிரித்துவிட்டார். வியாக்கியானிகள் எதையும் மன்னிப்பார்கள், சிரிப்பை மன்னிக்க மாட்டார்கள்.

"உலகளந்தானே தகுந்தவன், பிரபு" என்றார் பேரின்பநாதர். "ஆனால் ஒன்று. திருட்டு என்று தீர்ப்பானால்தான் அது திருட்டு. தீர்ப்பானால் தண்டனையும் உண்டு. நம் சட்டப்படி திருடனுக்கு வலது கை போகும். கையை வெட்டினால்தான் பிள்ளையார் முறைப்படி திருட்டுப் பிள்ளையார் ஆவார்."

"அடியேன் திருட மாட்டேன் என்றால்?" என்று கேட்டான் உலகளந்தான்.

"அரச ஆணையை மீறிய குற்றம். அதற்கும் அதே கைதான்."

மன்னர் தலையைச் சொறிந்தார். திருடினாலும் கை, திருடாவிட்டாலும் கை. எங்கோ இடித்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

"வருத்தப்படாதே, உலகளந்தா" என்றார் பேரின்பநாதர் கனிவாக. "கை என்பது கர்மத்தின் குறியீடு. கை போனால் கர்மமே தொலைந்தது. நீ பாக்கியசாலி."

"அந்தப் பாக்கியத்தைத் தாங்களே ஏற்றுக்கொள்ளலாமே, ஐயா?"

"எனக்கு ஓலை எழுதும் வேலை இருக்கிறதப்பா."

வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையார் வந்தாக வேண்டும் என்று உத்தரவாயிற்று.

வீட்டில் உலகளந்தானின் மனைவி செங்கமலம் சோற்றைப் போட்டுவிட்டு, அவன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊருல திருடறதெல்லாம் திருடித் தின்னுட்டு அவனவன் கைக்கு மோதிரம் போட்டுக்கிட்டுத் திரியறான். நீங்க ஒரு பிள்ளையார எடுக்கறதுக்குக் கையைக் குடுத்துட்டு வாங்க. அப்புறம் உங்களுக்கு யாரு ஊட்டறது? என்னால முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

"யார் வீட்டில் எடுத்தாலும் அவர்கள் வந்து முறையிடுவார்களே, அதைத்தான் யோசிக்கிறேன்."

"பொருளு போனா அழாம இருப்பாங்களா? போனதே தெரியாத வீடா இருந்தாத்தான் உண்டு."

உலகளந்தான் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். "அப்படி ஒரு வீடு இருக்கிறது, செங்கமலம்" என்றான். பிறகு, பல நாள் பட்டினி கிடந்தவன் போல இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான்.

மறுநாள் காலை அரண்மனைப் பூஜையறையில் வழக்கமான வியாக்கியானம் நடந்தது. "கண்களை மூடுங்கள். அகக்கண்ணைத் திறவுங்கள்" என்றார் பேரின்பநாதர். மன்னர் மூடினார். மந்திரிகள் மூடினார்கள். காவலர்கள் மூடி, அப்படியே குறட்டையும் விட்டார்கள். அகக்கண் இல்லாத உலகளந்தான் ஒருவன் மட்டும் முகக்கண்ணைத் திறந்து வைத்திருந்தான். உட்கார்ந்த லட்சுமிக்குப் பின்னால், குழலில்லாத கண்ணனுக்கும் பின்னால், மூலையில் அத்திமரத்தில் செய்த சின்னப் பிள்ளையார் ஒருவர் ஒட்டடை படிந்து கிடந்தார். விளக்குத்திரிப் பெட்டி சாயாமலிருக்க அவரை முட்டாகக் கொடுத்திருந்தார்கள். உலகளந்தான் அவரை எடுத்துத் துண்டில் சுருட்டிக்கொண்டான். முட்டுப் போனதும் பெட்டி 'தடால்' என்று சரிந்தது.

"கேட்டீர்களா?" என்றார் பேரின்பநாதர், கண்ணைத் திறக்காமலே. "அதுதான் அகங்காரம் விழும் ஓசை!"

மன்னர் மெய்சிலிர்த்தார். உலகளந்தான் வெளியே நடந்தான்.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. உலகளந்தான் துண்டைப் பிரித்தான். ஒட்டடை போகத் துடைத்து, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்திருந்தான்.

"திருடியதுதானே?" என்று கேட்டார் மன்னர்.

"சந்தேகமே வேண்டாம், மகாராஜா. உரியவருக்குப் பொருள் போனதே இன்னும் தெரியாது."

பேரின்பநாதர் பிள்ளையாரை வாங்கினார். வாங்கியதும் துள்ளினார். "ஆஹா! சுடுகிறது, பிரபு! இப்படியொரு சக்தியை என் ஆயுளில் கண்டதில்லை. அரண்மனைச் சிலைகளில் இதில் அரைக்கால் பங்குகூட இல்லை. ஏதோ வனாந்தரத்தில் ஒரு சித்தர் ஆராதித்த மூர்த்தம் இது. அதோ பாருங்கள், கையிலிருக்கும் மோதகத்தில் நான்கு பள்ளங்கள்! நான்கு வேதங்களும் மோதகத்துக்குள் அடக்கம் என்று எந்த மகானோ குறிப்பால் உணர்த்தியிருக்கிறார்."

மன்னர் பிள்ளையாரைக் கையில் வாங்கினார். அவருடைய கட்டைவிரல் யாரும் சொல்லாமலே அந்த மோதகத்தின் மேல் போய் உட்கார்ந்தது. கண்ணீர் வந்தது. "ஏன் அழுகிறோம் என்று நமக்கே தெரியவில்லையே" என்றார் திகைப்போடு.

"சக்தி, பிரபு, சக்தி! இனி தாமதிக்க வேண்டாம். வாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

வாள் வந்தது. உலகளந்தான் வலது கையை நீட்டினான். "வெட்டலாம், மகாராஜா. முறைப்படி வெட்ட வேண்டும். பறிகொடுத்தவர் வந்து முறையிடாமல் திருட்டுக்குத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் இல்லையே?"

அது உண்மைதான். பிள்ளையாரைப் பறிகொடுத்தவர்கள் சபைக்கு வரலாம் என்று பறையறைந்தார்கள். அறைந்த பிறகுதான் விபரீதம் தெரிந்தது. மன்னரின் ஆசை கசிந்த நாளிலிருந்து ஊரே ஒருவர் வீட்டுப் பிள்ளையாரை மற்றவர் திருடிக்கொண்டிருந்தது. பாதி ஊர் பறிகொடுத்ததற்கு அழ வந்தது. அழ வந்தவன் இடுப்பில் தன் பிள்ளையார் இருப்பதைப் பார்த்து மீதி ஊர் கத்த வந்தது.

"அது எங்களுது!"

"அப்ப எங்க வீட்டுது எங்கடா?"

"உம்மச்சானைக் கேளு!"

யார் திருடன், யார் பறிகொடுத்தவன் என்று பிரிக்க முடியவில்லை. எல்லோரும் இரண்டுமாக இருந்தார்கள். மன்னர் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அத்திமரப் பிள்ளையாரைக் காட்டிக் கேட்டபோது மட்டும் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருவனுடையது கல். இன்னொருவனுடையது பித்தளை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மன்னரின் தாயார் வந்தார். பறையைக் கேட்டு, என்ன கூத்து என்று பார்க்க வந்தவர். மகன் மடியில் இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அடேய், இது நம்ம பூஜையறைப் பிள்ளையாராச்சே! இதை எதுக்குடா சபையில வச்சுக்கிட்டு அழுதுட்டிருக்கே?"

சபையே எட்டிப் பார்த்தது. பேரின்பநாதர் மெல்ல, "தாயே, தங்களுக்கு ஏதோ மயக்கம். இந்த வேதக் குறிகளைப் பாருங்கள்" என்றார்.

"வேதமா? அது இவன் பல்லுய்யா! பல்லு மொளைக்கற ஊறல்ல கையில கெடச்சதையெல்லாம் கடிப்பான். ஒருநா பிள்ளையார் கை மோதகத்தையே கடிச்சு வச்சுட்டான்."

மன்னர் பள்ளங்களைத் தடவினார். "அம்மா, அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?" என்று கேட்டார்.

"என்னடா அர்த்தம்? அவர் நீட்டினார், நீ தின்னே."

மன்னர் மறுபடியும் அந்தப் பள்ளங்களையே தடவிக்கொண்டிருந்தார். உலகளந்தான்தான் பேச வேண்டியிருந்தது, கை இன்னும் நீட்டியபடியே இருந்ததால். "மகாராஜா, உரியவர் தாங்கள் என்று ஆகிவிட்டது. முறையீட்டைத் தாங்களே சொல்ல வேண்டும். காணாமற் போனது எது?"

"பிள்ளையார்."

"இப்போது எங்கே?"

"நம் மடியில்."

"எடுத்தது யார்?"

"நீ."

"எடுக்கச் சொன்னது?"

"நாம்." மன்னரின் புருவம் நெளிந்தது.

"காணோம் என்று எப்போது தெரிந்தது?"

"இப்போதுதான்."

"திரும்பக் கிடைத்தது?"

"அதற்கு முன்பே..." மன்னர் நிறுத்தினார். தொலைத்தது தெரிவதற்கு முன்பே கிடைத்துவிட்ட பொருளுக்கு என்னவென்று முறையிடுவது? யாரைத் தண்டிப்பது? அவருக்கு மறுபடியும் குழப்பமாக இருந்தது. ஆனால் இந்த முறை அது வலிக்கவில்லை.

"எப்படியானாலும் திருட்டு திருட்டே, பிரபு! கையை..." என்று ஆரம்பித்தார் பேரின்பநாதர்.

"பொறும். இந்தப் பிள்ளையார் இருந்த அறையில்தானே நீர் இத்தனை வருஷமாக நின்று வியாக்கியானம் செய்தீர்? உமக்கு எப்படி அடையாளம் தெரியாமல் போயிற்று?"

பேரின்பநாதர் குரலைத் தாழ்த்தினார். "அடியேன் கண்களை மூடியிருந்தேன், பிரபு."

மன்னர் சிரிக்க ஆரம்பித்தார். மடியிலிருந்த பிள்ளையார் குலுங்கும்படி சிரித்தார். சிரிப்பு மந்திரிகளைத் தொற்றி, வாள் பிடித்தவனைத் தொற்றி, இடுப்பில் அடுத்த வீட்டுப் பிள்ளையாரோடு நின்ற கூட்டத்தையும் தொற்றியது. எந்தப் பிள்ளையார் எந்த வீட்டுக்காரர் என்று விசாரித்து, ஒருவர் விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு பேரின்பநாதருக்குத் தரப்பட்டது. கண்களைத் திறந்தபடி செய்ய வேண்டும் என்பது உத்தரவின் கடைசி வரி.

பிறகு மன்னர் பொற்கிழி ஒன்றை வரவழைத்து உலகளந்தானிடம் நீட்டினார்.

அரசர் தருவதை ஒற்றைக் கையால் வாங்குவது மரியாதையல்ல. உலகளந்தான் மரியாதை தெரிந்தவன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.