புற்றுக்கு ஒரு ஜன்னல்

ஆனைக்குளத்துக் கரையில் விலங்குகளின் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. நடுவே உயரமான மூங்கில் வேலி. இந்தப் பக்கம் கரையான்கள் கட்டடம் கட்டப் படித்தன. அந்தப் பக்கம் தையல்சிட்டுகள் அழகுக் கலை படித்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

அந்த ஆண்டு இறுதித் தேர்வுக்கு ஒரு வீடு கட்டச் சொன்னார்கள். குளக்கரை வளையில் குடியிருந்த எலியம்மாவுக்கு, மழைக்கு முன் மேட்டில் வீடு வேண்டும். போன மழையில் வளைக்குள் வெள்ளம் புகுந்து ஒரு குஞ்சைப் பறிகொடுத்திருந்தாள், பாவம்!

கரையான் செங்கோடன் இடி விழுந்தாலும் அசையாத மண்வீடு கட்டினான். எலியம்மா பார்த்ததும் பின்னால் குதித்தாள்.

"ஐயோ, புற்று! உள்ளே பாம்பு இருந்தால்?"

"பாம்பெல்லாம் இல்லை! உறுதியான வீடு!"

"ஒரே இருட்டாக இருக்கிறதே, எதை நம்பி நுழைவேன்?"

சிட்டு பூங்காவனம் இலைகளைத் தைத்து, பூ வைத்து வீடு கட்டினாள். எலிக்குஞ்சுகள் துள்ளிக் குதித்தன. லேசாகத் தூறல் போட்டது. வீடு தொப்பென்று விழுந்தது!

பேராசிரியை நீர்நாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தப்பு பிள்ளைகள் மேல் இல்லை, வேலி போட்டுப் பிரித்து வைத்த நம் மேல்!" என்று வேலி மூங்கிலைக் கடிக்கத் தொடங்கினாள்.

துணைவேந்தர் யானை ஓடி வந்தார். "என்னம்மா இது! விதியில் இதற்கு இடமில்லை!"

"அந்த விதியை மழையிடம் சொல்லுங்கள் ஐயா! அது கேட்டால் நானும் கேட்கிறேன்!"

பல் வலித்தது. அவள் விடவில்லை. கடைசியில் வேலியில் ஒரு வழி பிறந்தது.

"இனி எல்லாருக்கும் ஒரே வகுப்பு! சிட்டு மண் குழைக்கட்டும். கரையான் எலியம்மா நிற்கும் இடத்தில் நின்று பார்க்கட்டும்!" என்றாள் நீர்நாய்.

முதல் நாளே சண்டை. செங்கோடனின் மண்வீட்டுக்குப் பூங்காவனம் சருகில் தைத்த கூரையைக் காணோம்.

"தின்றுவிட்டாயா?"

"பசித்தது!" என்று செங்கோடன் அசடு வழிந்தான். "காய்ந்த இலையைக் கண்டால் விடமாட்டோம். பச்சை இலை என்றால் தொடமாட்டோம்."

பூங்காவனம் யோசித்தாள். பக்கத்துக் கொடியின் இலைகளைப் பறிக்காமல், கொடியோடு சேர்த்தே கூரையாகத் தைத்தாள். தண்ணீர் வழிந்தோட அளந்து சரிவும் வைத்தாள். செங்கோடன் எலியம்மா நின்ற இடத்தில் போய் நின்றான். அவனுக்கே பயம் வந்தது! உடனே ஓடிப்போய்ச் சுவரில் ஜன்னல் திறந்தான்.

மழை கொட்டியது. குளம் கரை தாண்டியது. எலியம்மா குஞ்சுகளோடு மேட்டுக்கு ஓடிவந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். உள்ளே வெளிச்சம். பாம்பு இல்லை. நுழைந்துவிட்டாள்!

மழை விட்டதும் குஞ்சுகள் நனையாமல் வெளியே வந்தன. இந்த முறை ஒன்றும் குறையவில்லை. எலியம்மா அழுதேவிட்டாள்.

துணைவேந்தர் யானை வேலிப் பக்கம் போனார். மிச்சமிருந்த வேலியைத் துதிக்கையால் பிடுங்கி எறிந்தார்.

நீதி: கற்பனையும் தொழில்நுட்பமும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தால்தான், படித்த படிப்பு ஓர் உயிரைக் காக்கும்.