சோளநார் நிறப் பின்னல்

"சாமி, அறுத்துப் போட்ட முடி வளருமா?"

கேட்டவள் வெள்ளத்தாயி. வாழைத்தார் மண்டியில் அவள் குரல் எழும்பினால், லாரிக்காரன் விலையை இறக்கிவிட்டுத்தான் தாரை இறக்குவான். அப்பேர்ப்பட்டவள் இன்றைக்குக் குசுகுசுவென்று கேட்டாள்.

காளவாசல் சாமி நிமிர்ந்து பார்த்தார். நெருப்பு அணைந்து வெகுகாலமான சுண்ணாம்புக் காளவாசல்தான் அவருக்கு இருப்பிடம். வயது முப்பதுகூட இருக்காது. மழித்த தலை. புருவமும் இல்லை. உச்சி வெயிலிலும் அந்த இடம் சில்லென்றிருந்தது.

"யாரோட முடி தாயே?" கருங்கல்லைத் தரையில் இழுப்பது போன்ற குரல்.

"எம் மக இளவேனியோடது."

மடியிலிருந்த பட்டுத்துணிப் பொட்டலத்தை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பின்னல். சோளநார் நிறம்.

நடந்தது இதுதான். மகள் பார்லருக்குப் போய் முடியை ப்ளீச் பண்ணிக்கொண்டு வந்தாள். "கருகருன்னு இருந்ததைக் கருவாடாக்கிட்டு வந்திருக்கா" என்று தெருவே கேட்கக் கத்திய வெள்ளத்தாயி, அவளைப் பிடித்து உட்காரவைத்துத் தலை சீவினாள். சீவினாள் என்பதைவிடப் பிடுங்கினாள் என்பதே சரி. பின்னி முடித்ததும் இளவேனி கத்தரிக்கோலை எடுத்தாள். பின்னல் தாயின் கையில் நின்றது. மகள் நிற்கவில்லை.

ஒரு வருசமாகத் தகவல் இல்லை.

"இருக்காளா இல்லையான்னே தெரியல சாமி. இதை மட்டும் வச்சுப் பாத்துக்கிறேன். இப்ப இது வளருது. நீயே பாரு."

சாமி பின்னலை வாங்கிப் புரட்டினார். அறுத்த முனையில் விரற்கடை அளவுக்குக் கருப்பு. புதுமுடி. எண்ணெய் தேய்க்காமலே மினுங்கியது.

"அறுத்தப்போ இந்தக் கருப்பு இல்ல சாமி. சத்தியமா இல்ல."

"எப்படிப் பாத்துக்கிறே?"

"வெந்நியே காட்டுறதில்ல. பச்சத்தண்ணிதான். வாரத்துக்கு ஒருதரம்தான் ஷாம்பு. மொத நாளே தேங்கா எண்ணெய தேச்சு ஊறவச்சிருவேன். ப்ளீச் பண்ண முடி எண்ணெயக் குடிக்கும் சாமி, மாடு கழனித்தண்ணி குடிக்கிற மாதிரி. துண்டால தேய்க்கக் கூடாது, ஒத்தணும். ஈரத்துல சீவக் கூடாது, ரப்பராட்டம் இழுபட்டு அறுந்துரும். நெழல்லதான் காயணும்."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"அவதான். அன்னைக்கு நான் சீவுறப்போ அழுதுக்கிட்டே சொன்னா. அப்ப என் காதுல விழல. அவ போனதுக்கப்புறம்தான் ஒண்ணொண்ணா விழுது."

சாமி பின்னலைத் திருப்பிக் கொடுத்தார்.

"வாயைத் தொறந்து சொல்லு. அவ வருவாளா? என்ன வேணும், கேளு. மொட்டை போட்டுக்கிறேன். ஒரு கெடா வெட்டுறேன். சரி, ரெண்டு."

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாம்ங்கிறவன்தான்யா கடைசியில கழுத்தைப் பிடிப்பான். மண்டியில எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

"சீவிக் காட்டு" என்றார் சாமி.

பின்னலைப் பிரித்து மடியில் பரப்பினாள். அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேல்நோக்கிப் போனாள். ஒரு சிக்கு வந்தது. சிக்குக்கு மேலே இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள்.

"மேல எதுக்குப் பிடிக்கிறே?"

"பிடிக்காம இழுத்தா வேர்ல வலிக்காதா?"

"யாருக்கு?"

வெள்ளத்தாயி இறுக்கிப் பிடித்திருந்த தன் இடது கையைப் பார்த்தாள்.

சாமி எழுந்து வந்தார். முடியை வாங்கி, அறுத்த முனையைத் தன் மொட்டைத் தலையின் பிடரியில் வைத்தார்.

கையை எடுத்தார்.

முடி விழவில்லை.

அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"சீவு."

எழுந்து ஓடத்தான் கால் துடித்தது. கை சீப்பை விடவில்லை. சீவினாள்.

மறுபடியும் ஒரு சிக்கு. இப்போது எதிரே ஒரு தலை இருந்தது. பழைய கைக்கு அது போதும். இடது கை உச்சந்தலையை அமுக்கியது. வலது கை வெடுக்கென்று இழுத்தது.

"ஆடாம இரு சனியனே!"

அவள் வாயிலிருந்துதான் வந்தது. காளவாசல் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னது.

முன்னால் இருந்த தோள்கள் குலுங்கின. சாமியின் தோள் இத்தனை ஒடுக்கமாகவா இருந்தது?

கொஞ்சம் எட்டிக் குனிந்தால் முகத்தைப் பார்த்துவிடலாம். வெள்ளத்தாயி குனியவில்லை.

அமுக்கிய கையை எடுத்தாள். அந்தக் கையாலேயே சிக்குக்கு மேலே பிடித்தாள். ஒரு இழை பிரிந்தது. இன்னொரு இழை.

"வலிக்குதாடி?"

வந்த குரலில் கரகரப்பு இல்லை.

"இப்ப இல்லம்மா. மெதுவாவே சீவு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."