வெள்ளைப் பென்சில் தொடுத்த மாலை

முன்னொரு காலத்திலே, மலைக்கும் கடலுக்கும் நடுவாந்தரத்திலே, பூமங்கலம் என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் தையல்நாயகி என்று ஒரு பெண். அவளிடம் பன்னிரண்டு கலர் பென்சில்கள். அந்தக் காலத்தில் கலர் பென்சில் ஏது என்று கேட்பவர்கள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். இருந்தது, அவ்வளவுதான்.

தையல் வரைந்ததெல்லாம் பூக்கள். வரைந்து வரைந்து பதினோரு பென்சில்கள் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்துவிட்டன. வெள்ளைப் பென்சில் மட்டும் வாங்கிய அன்று இருந்த உயரத்திலேயே இருந்தது. வெள்ளைத் தாளில் வெள்ளையை வைத்து என்ன செய்வது?

அது பேசுகிற பென்சில் வேறு. "என்னைச் சீவேன், தையலு" என்று தினமும் கேட்கும்.

"உனக்கும் ஒரு வேலை வரட்டும், சீவுறேன்" என்பாள் தையல்.

அப்படி இருக்கையில் ராஜா ஒரு விழா எடுத்தார். வந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் மாலை போட்டார்கள். ராஜாவுக்குத் தொப்புள்வரை தொங்கியது. கருங்காடன் என்ற மந்திரவாதியின் முறை வந்தபோது கூடையில் மிஞ்சியிருந்தது சின்னஞ்சிறு மாலை. அது தலை வழியே இறங்காமல் காதிலேயே மாட்டிக்கொண்டது. சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார்.

மந்திரவாதிக்கு வந்ததே கோபம். உடம்பில் போர்த்தியிருந்த கறுப்புப் போர்வையை ஒரு உதறு உதறினான். நாட்டில் இருந்த அத்தனை பூவும் அதற்குள் போய்விட்டது.

"யாராவது ஒரு பூ வரைஞ்சு என் தலையைக் குனிய வைக்கட்டும். அன்னிக்குத்தான் இந்த நாட்டில் பூ பூக்கும். மூணு தடவை வரையலாம். தோத்தா முள்செடி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாலை இல்லாமல் முதலில் நின்றது தையலின் அக்கா கோமதியின் கல்யாணம். அக்காவும் நன்றாக வரைவாள். பொறுக்க மாட்டாமல் போனாள். மூன்று தடவை வரைந்தாள். மந்திரவாதியின் வாசலில், முன்பு தோற்றவர்களோடு அவளும் முள்செடியாகி நின்றாள்.

தையல் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பென்சில் டப்பாவோடு கிளம்பினாள். வாசலில் ஒரு முள்செடியின் கிளையில் அக்காவின் பச்சை வளையல் தொங்கியது.

"வந்துட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முதல் தடவை ஒரு செம்பருத்தி வரைந்தாள். தொட்டால் மகரந்தம் உதிர்ந்துவிடுமோ என்று பயப்படும்படி இருந்தது. மந்திரவாதி தாளைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். தலை குனிந்ததா? குனியவில்லை. போர்வையை உதறினான். ஐந்து பென்சில்கள் உள்ளே போயின.

இரண்டாம் தடவை ஒரு குளம் நிறையத் தாமரை வரைந்தாள். தலை குனிந்ததா? குனியவில்லை. உதறினான். ஆறு பென்சில்கள் உள்ளே போயின.

"அந்த வெள்ளையை நீயே வெச்சுக்க. அது எதுக்கும் ஆகாது" என்று சிரித்தான்.

"என்னைச் சீவேன், தையலு" என்றது வெள்ளைப் பென்சில்.

தையல் அதைக் கூராகச் சீவினாள். வெள்ளைத் தாளைப் பார்த்தாள். மந்திரவாதியின் கறுப்புப் போர்வையைப் பார்த்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"அசையாம நில்லுங்க."

"எங்க வரையப் போற?"

"உங்க மேலதான். எங்க வரையணும்னு நீங்க சொல்லலையே."

சொன்ன சொல் மாறாதவன் என்ற கர்வம் அவனுக்கு உண்டு. அசையாமல் நின்றான். தையல் இடது தோளில் ஒரு மல்லிகை வைத்தாள். அதன் கீழே ஒன்று. அதன் கீழே இன்னொன்று. கறுப்பில் வெள்ளை பளிச்சென்று எழுந்தது. பூ இறங்க இறங்கப் பென்சில் தேய்ந்தது. முழங்காலைத் தொட்டுத் திரும்பி, வலது தோளுக்கு ஏறி முடிந்தபோது, நகக்கண் அளவுதான் பென்சில் மிஞ்சியிருந்தது.

மல்லிகை வாசம் கமகமவென்று வந்தது. மந்திரவாதி கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டான்.

"என்ன வரைஞ்ச?"

"மாலை."

"எதுவரைக்கும் வருது?"

"முழங்கால்வரைக்கும்."

"ராஜாவோடதைவிட நீளமா?" என்று மெதுவாகக் கேட்டான். 

"நீங்களே பாருங்க. என் பூ. நான் வரைஞ்சது. யாரும் குறை சொல்ல முடியாது."

மந்திரவாதி பார்த்தான். மார்பில் கிடக்கும் மாலையைக் குனியாமல் எப்படிப் பார்ப்பது? தலை குனிந்ததா? குனிந்தது. குனிந்த கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. போர்வை தானாக அவிழ்ந்தது. பூவெல்லாம் பறந்து கொடிக்கும் குளத்துக்கும் திரும்பின. வாசலில் முள்செடிகளாக இருந்தவர்கள் மனிதர்களாகி நின்றார்கள்.

"கல்யாணத்துக்கு நேரமாச்சுடி" என்றாள் அக்கா.

அந்தக் கல்யாணத்துக்கு ராஜாவே வந்தார். மந்திரவாதியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தையலுக்குப் போட ஆளுயர மாலையைத் தூக்கினார்.

"முதல் மரியாதை இதுக்குத்தான்" என்று தையல் நகக்கண் அளவுப் பென்சிலைத் தாம்பாளத்தில் நிறுத்தி வைத்தாள்.

அதன் கழுத்தில் மாட்ட ஒற்றை மல்லிகை இதழை வளையமாகச் சுருட்டிக்கொண்டு, ராஜா முதுகை வளைத்துக் குனிந்தார். ராஜா குனிந்ததும் சபை குனிந்தது. தையலும் குனிந்தாள். அன்றைக்கு அந்த நாட்டிலேயே நிமிர்ந்து நின்றது அந்த வெள்ளைப் பென்சில் ஒன்றுதான்.