ஆறுச்சாமி அனுப்பிய முற்றம்

அந்தக் காலத்து வீடியோ கேம் கடைகளில் ஆடுகிறவனைவிட அதிகம் சத்தம் போட்டவன் பின்னால் நிற்பவன்தான். "லெஃப்ட்ல போ, லெஃப்ட்ல! குதி! குதிடா!" கையில் காசில்லாத பையன்களின் அந்தக் கூச்சல், பெட்டியிலிருந்து வரும் கிணுகிணு இசையையும் மீறித் தெருமுனை வரை கேட்கும். அதில் ஒரு குரல் ஆறுச்சாமியுடையது. நாற்பதைத் தாண்டிய பிறகும் அது அவர் காதில் அப்படியே இருந்தது.

வீடுகளுக்குப் பிளான் வரைந்து பிழைத்தவர் அவர். வேலை பார்த்த அலுவலகம் மூடப்பட்டதும், கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குள் வரும் கோட்டைகளையும் தெருக்களையும் வடிவமைக்கும் வேலைக்குப் போவது என்று தீர்மானித்தார்.

"இந்த வயசுல விளையாட்டா?" என்றாள் மனைவி. ஒரே ஒருமுறைதான் கேட்டாள்.

புனேயில் ஒரு நிறுவனம் ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. அது கிடைக்காவிட்டால் ஓசூரில் மைத்துனரின் கிரானைட் கடையில் உட்கார வேண்டும். வீட்டில் அப்படித்தான் பேசி முடிவாகியிருந்தது.

கோவை சிங்காநல்லூரில் ஒரு மாடியறையில் ஜெசிந்தா இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்துவந்தார். ஆறுச்சாமியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். இவர் அவரை டீச்சர் என்பார். அவர் இவரை அண்ணா என்பார்.

"டீச்சர், விண்ணப்பத்தோட அனுப்ப ஒரு அரண்மனை கட்டியிருக்கேன். இன்னும் என்ன சேர்த்தா என்னை எடுத்துக்குவாங்க?"

ஜெசிந்தா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி விளையாட்டைத் திறந்தார்.

மாடி மாடியாக எழுந்த அரண்மனை. தூண்கள், சுரங்கம், அந்தப்புரம், உச்சியில் ஒரு கண்ணாடி மண்டபம். அந்த மண்டபத்தின் ஒளிக்கு மட்டும் ஆறுச்சாமி ஒரு கோடை முழுவதையும் கொடுத்திருந்தார்.

ஜெசிந்தா கீழ்க்கூடத்துக்குள் நுழைந்து, சுற்றிச் சுற்றி நடந்து, ஒரு தூணில் முட்டி நின்றார்.

"அந்தத் தூணுக்குப் பின்னால படி இருக்குதுங்க டீச்சர்."

ஜெசிந்தா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்கினார்.

"லெஃப்ட்டு... லெஃப்ட்ல திரும்போணும்."

கை மறுபடியும் மடிக்குப் போனது.

"ஏனுங்க டீச்சர், நிறுத்திட்டீங்க?"

"புனேயில இதைத் திறக்கறவங்க பக்கத்துலயும் இப்படி உக்காந்து சொல்லுவீங்களாண்ணா? இதோட சேர்த்து உங்களையும் பார்சல் கட்டி அனுப்பணுமா?"

ஆறுச்சாமி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"மேல அந்தக் கண்ணாடி மண்டபத்தைப் பார்த்தாப் போதும் டீச்சர், என்னை விடமாட்டாங்க."

"அவங்க கையில ஒரு டீ இருக்கும். அது ஆறுறதுக்குள்ள நாலஞ்சு பேர் வேலையைப் பார்த்தாகணும். உங்க மண்டபம் வரைக்கும் யாருண்ணா ஏறி வருவாங்க?"

சில நாள் கழித்து ஆறுச்சாமி திரும்பி வந்தார். இப்போது அரண்மனை முழுக்க அம்புக்குறிகள். தூணுக்குத் தூண் பலகை. படி இந்தப் பக்கம். கதவைத் திறக்க இதை அழுத்தவும். இங்கே நின்று மேலே பார்க்கவும்.

ஜெசிந்தா நடந்து பார்த்தார். எங்கும் முட்டவில்லை.

"ஈபி ஆபீசுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்குதுண்ணா."

"வழி தெரியலேன்னீங்க. வழி போட்டேன்."

"நீங்க பேசுறதை நிறுத்திட்டு இப்பச் சுவத்தைப் பேச வெச்சிருக்கீங்க."

ஆறுச்சாமிக்குச் சுருக்கென்றது. "பிளான் போட்டே தலை நரைச்சவனுங்க நான். மேல இருந்து பாருங்க. எந்த அறைக்கும் வழி பளிச்சுன்னு தெரியும்."

"தெரியும்தான். ஆடுறவங்க கூரை மேல நிக்கலியே."

ஆறுச்சாமி லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார்.

வீட்டில் ஒவ்வொரு மாடியாக அழித்தார். கண்ணாடி மண்டபத்தை அழிக்கப் போனபோது, நிச்சயமாக நீக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அந்தக் கேள்வியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதியன்று காலையில் மறுபடி மாடியேறி வந்தார். அரண்மனை இல்லை. ஒரே ஒரு முற்றம். சுற்றிலும் நிழல், நடுவில் ஒரு கிணறு. ஒரு மூலையில் ஒருக்களித்த கதவு; அதன் வழியே தரையில் விழுந்து கிடந்த ஒரு கீற்று வெயில். கதவுக்கு அப்பால் சின்னத் தோட்டம். அதோடு விளையாட்டு முடிந்தது.

ஜெசிந்தா அதைத் தொடவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வந்திருந்த வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டார்.

"தெய்வானக்கா, இதைக் கொஞ்சம் ஆடிப் பாருங்க."

"எனக்கென்ன தெரியும் கண்ணு? போன்ல நாடகம் பாக்கறதோட சரி."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

தெய்வானை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடக்க எதை அழுத்த வேண்டும் என்பதை மட்டும் ஜெசிந்தா காட்டினார். ஆறுச்சாமி பின்னால் கிடந்த ஸ்டூலில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்திக்கொண்டு அமர்ந்தார்.

தெய்வானை முதலில் கிணற்றடிக்குப் போனார். எட்டிப் பார்த்தார். பிறகு சுவரோரமாக நடந்தார். அது தப்பான மூலை. ஆறுச்சாமியின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

தெய்வானை நின்றார். மெல்லத் திரும்பினார். வெயில் கீற்றைக் கண்டதும் அதன் மேலேயே நடந்து போய்க் கதவைத் தாண்டினார்.

"அட, செம்பருத்தி!" என்றார். அதற்குள் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்க, "ஐயோ, மோட்டாரு!" என்று எழுந்து ஓடினார்.

ஆறுச்சாமி கைகளை வெளியே எடுத்தார். உள்ளங்கை சிவந்திருந்தது.

"இவ்வளவுதானுங்களா டீச்சர்? எனக்கு என்னென்னமோ செய்யத் தெரியும். அதுல பாதிகூட இதுல இல்லியே. இதை நம்பியா அனுப்பறது?"

"அந்தக்கா ஒரு தடவையாச்சும் திரும்பி உங்களைப் பார்த்தாங்களாண்ணா?"

ஆறுச்சாமி யோசித்தார்.

"இல்லீங்க."

"அப்ப அனுப்புங்க."

அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. இப்போது குடும்பத்தோடு புனேயில் இருக்கிறார்.