தொண்ணூற்று மூன்றாவது கல்

மூங்கிலாற்றுக் காட்டில் ஒரே ஒரு டாக்டர்தான் இருந்தார். அவர் ஒரு மரங்கொத்தி. காடே அவரை "டாக்டரம்மா" என்று கூப்பிட்டது.

ஆற்றோரத்து மருத மரத்தடிதான் ஆஸ்பத்திரி. யார் வந்தாலும் முதுகில் "டக் டக்" என்று இரண்டு தட்டு தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். "மூச்சை இழு! விடு! நேத்து என்ன தின்னே? பொய் சொல்லாதே!" என்று ஒரு அதட்டல் போடுவார். பாதி வியாதி பயத்திலேயே ஓடிவிடும். மீதியைக் கூரான அலகால் பிடுங்கி எறிந்துவிடுவார்.

ஃபீஸ் விஷயத்தில் மட்டும் கறார். ஆளுக்கு ஒரு மலைத்தேன் அடை! செங்குத்துப் பாறையில் ஏறி, தேனீக்களோடு மல்லுக்கட்டி எடுத்து வர வேண்டும். ஏறத் தெரிந்தவர்களுக்குக் கவலையில்லை. தெரியாதவர்கள் வளைக்குள் படுத்து முனகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஏறத் தெரிந்தவர்களில் முதல் ஆள் குரங்கு சிங்காரம். அடடா, அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து போகிற அழகே அழகு! கொட்டாவி வந்தால் டாக்டர், வந்த கொட்டாவி நின்றால் டாக்டர்! ஒரு நாளைக்கு நாலு பேருக்கு மேல் அங்கே கூட்டம் இருக்காது. "காத்திருக்கிறதுன்னா என்னன்னே எனக்குத் தெரியாதுப்பா!" என்று கிளைக்குக் கிளை பெருமையடித்துக்கொண்டு திரிவார்.

ஒரு நாள் காட்டுத் தலைவி யானையம்மா தும்பிக்கையைத் தூக்கி அறிவித்தார்.

"இன்னையிலேருந்து எல்லாருக்கும் வைத்தியம் இலவசம்! டாக்டரம்மாவுக்குத் தேனைக் காடே சேர்ந்து குடுக்கும். ஏறத் தெரிஞ்சவங்க ஏறுங்க, சுமக்கத் தெரிஞ்சவங்க சுமங்க!"

அடேயப்பா, என்ன கும்மாளம்! முயல்கள் குட்டிக்கரணம் போட்டன. கரடி கை தட்டித் தட்டிக் கை சிவந்துபோயிற்று. காட்டெருமை சந்தோஷம் தாங்காமல் ஆற்றுக்குள் குதித்ததில் பாதி ஆறு கரைக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் மருத மரத்தடியில் வரிசை நின்றது. அங்கேதான் வந்தது சிக்கல்.

மூன்றாவது ஆள் சிறுத்தை. பல்வலி. நாலாவது ஆள் புள்ளிமான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்" என்றது மான்.

"நான் சும்மாதானே நிக்கிறேன்?" என்றது சிறுத்தை.

"நீங்க சும்மா நிக்கிறதைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு!"

சிறுத்தை பல்வலியில் ஒரு தடவை வாயைத் திறந்தது. போச்சு! மான் ஓட, மானுக்குப் பின்னால் முயல் ஓட, எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே காட்டெருமையும் ஓட, ஒரு நொடியில் வரிசை காலி.

யானையம்மா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "இனிமே யாரும் நிக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு கல்லு வெச்சுட்டுப் போங்க. கல்லுக்கு அடியில அடையாளத்துக்கு ஒரு முடியோ இறகோ வைங்க. உங்க முறை வந்ததும் டாக்டரம்மா கூப்பிடுவாங்க."

நல்ல யோசனைதான். ஆனால் ஆற்றங்கரையில் கல்லுக்குப் பஞ்சமா என்ன?

மயில் ஒரு கல் வைத்தது. அதற்கு ஒரு வியாதியும் கிடையாது. மழை வந்தால் ஆட வேண்டிவரும், ஆடினால் கால் சுளுக்கும், அதனால் முன்கூட்டியே வைத்தது. முயல் தனக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஏழு, பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கு நாலு என்று வைத்தது. காட்டெருமை அந்தப் பக்கமாக வந்தது. வரிசையைப் பார்த்தது. உடனே ஒரு பெரிய பாறையை உருட்டிக்கொண்டு வந்து கடைசியில் வைத்துவிட்டது. "ஆமா, இங்க என்ன குடுக்கறாங்க?" என்று அதற்கப்புறம்தான் கேட்டது.

சிங்காரம் வழக்கம்போல வெயில் ஏறிய பிறகு ஆடி அசைந்து வந்தார். தனக்கு முன்னால் ஐம்பத்திரண்டு கல்லைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போயிற்று. சும்மா விடுவாரா? வாலுக்கு ஒரு கல், கைகாலில் விரலுக்கு விரல் ஒரு கல் என்று மொத்தம் இருபத்தொரு கல்லை வரிசையாக அடுக்கினார். "எப்ப எது வலிக்கும்னு யாரு கண்டா?" என்று கையைத் தட்டிவிட்டுப் போனார்.

டாக்டரம்மா பாடுதான் பெரும்பாடாகிவிட்டது. ஒவ்வொரு கல்லுக்கு முன்னாலும் போய் நின்று கூவ வேண்டும். "மயிலு! ஏ மயிலு! அடி மயிலு!" மூன்று தடவை கூவ வேண்டும் என்பது விதி. பிறகு நிழல் ஒரு சாண் நகரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவும் விதிதான். மயிலோ மூன்று மலை தள்ளி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாளே டாக்டரம்மாவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. பழக்க தோஷத்தில் ஒரு கல்லையே தட்டினார். "டக் டக்!" காதை வைத்தார். "ஐயையோ! நாடியே இல்லையே! ஆளு போயிட்டாரே!" என்று ஊரைக் கூட்டினார்.

"டாக்டரம்மா, அது கல்லு!" என்று அணில் ஓடி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தது.

இப்படியே ஐந்து நாளில் பன்னிரண்டு பேரைத்தான் பார்க்க முடிந்தது. பார்த்த கல்லை எடுக்க எடுக்கப் புதுக் கல் முளைத்தது. வரிசை ஆற்றின் வளைவைத் தாண்டிப் போய்விட்டது.

ஆறாம் நாள் காலையில் அழுங்கு வடிவு வந்தாள். அழுங்கு என்றால் எறும்புதின்னி. உடம்பு முழுக்க ஓடு ஓடாகச் செதில். முழ நீள நாக்கு. அந்த நாக்கைப் புற்றுக்குள் விட்டு எறும்பை நக்கித் தின்றுதான் வயிற்றைக் கழுவ வேண்டும். அந்த நாக்கில் ஒரு கருவேல முள் ஏறி வீங்கிவிட்டது. ஐந்து நாளாக ஒரு எறும்பு உள்ளே போகவில்லை. வாலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்த குட்டிக்குப் பாலும் வற்றிவிட்டது. இன்றைக்கு முள் வெளியே வராவிட்டால் குட்டி பிழைக்காது. வாய்விட்டுச் சொல்லி அழவும் முடியாது, பாவம்!

வடிவு வரிசையின் கடைசிக்குப் போனாள். கல்லைத் தூக்கி வைக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கடைசிக் கல்லுக்குப் பக்கத்திலேயே பந்தாகச் சுருண்டு படுத்துவிட்டாள்.

அதே நேரம் மருத மரத்தடியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டியவர் சிங்காரம்.

"பார்த்தீங்களா? இலவசம்னு சொன்னாலும் சொன்னீங்க, வரிசை ஆத்து வளைவைத் தாண்டிப் போகுது! முன்னாடி வந்ததும் காட்டிட்டுப் போயிடுவேன். இப்ப ஆறு நாளா என் வாலைக் காட்ட முடியலை! மறுபடியும் தேன் கொண்டுவரணும்னு சட்டம் போடுங்க. வரிசை தானா கரைஞ்சிடும்!"

"வாலுக்கு என்ன?" என்று கேட்டார் யானையம்மா.

"இன்னும் ஒண்ணும் இல்லை. அதான் இப்பவே காட்டிடணும்!"

"ஆமாம், ஆமாம்!" என்றது மயில். பல தலைகள் ஆடின. டாக்டரம்மாவே தொண்டை கட்டிப்போய், "எதையாவது செய்யுங்க தாயே! கல்லுங்களோட மல்லாட என்னால ஆகலை" என்றார். யானையம்மா தும்பிக்கையை ஒரு தடவை தூக்கினால் போதும், தேன் சட்டம் திரும்ப வந்துவிடும்.

யானையம்மா தூக்கவில்லை. "இருங்க. அந்த வரிசையை ஒரு தடவை என் கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

"தாராளமா! நானே எண்ணிக் காட்டறேன் வாங்க!"

சிங்காரம் துள்ளிக்கொண்டு முன்னால் போனார். ஒவ்வொரு கல்லாகக் காலால் தட்டித் தட்டி எண்ணினார். கூட்டம் மொத்தமும் பின்னாலேயே போயிற்று.

"இருபத்தேழு! இருபத்தெட்டு! பார்த்தீங்களா அநியாயத்தை?"

"இந்த இருபத்தெட்டு யாரோடது?"

"என் பொண்ணோடது" என்றது முயல். "இன்னும் பிறக்கலை."

யானையம்மா இருமினார். வரிசை தொடர்ந்தது.

"நாப்பத்தொண்ணு! நாப்பத்திரண்டு! நாப்பத்துமூணு!"

"இதெல்லாம் யாரோடது?"

சிங்காரம் வானத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "அது வந்து... அறுபத்தொண்ணு வரைக்கும் நம்மளோடதுதான்" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. காட்டெருமை மட்டும், "அந்தப் பாறை என்னோடது! என்ன குடுக்கறாங்கன்னு இன்னும் ஒருத்தரும் சொல்லலையே!" என்று கோபித்துக்கொண்டது. அணில் சிரித்துச் சிரித்து மரத்திலிருந்தே விழுந்துவிட்டது.

சிங்காரத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. வேகமாக எண்ணிக்கொண்டே போனார். "தொண்ணூத்திரண்டு! இதோ, தொண்ணூத்துமூணு! எண்ணிக்கோங்க!" என்று கடைசிக் கல்லை ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

கல் நகர்ந்தது.

"ஐயோ! கல்லு சுடுது!" என்று சிங்காரம் நாலடி எகிறிக் குதித்தார்.

டாக்டரம்மா பறந்து வந்தார். "டக் டக்!" காதை வைத்தார். மறுபடியும் கல்லிடம் நாடி பார்க்கிறாரே என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"யாரும் சிரிக்காதீங்க! இந்தக் கல்லுக்கு நாடி ஓடுது!" டாக்டரம்மா இன்னொரு தடவை காதை வைத்தார். "ஒண்ணு இல்லை, ரெண்டு நாடி!"

கல் மெல்ல மெல்ல விரிந்தது. உள்ளே வடிவு. வடிவின் வயிற்றில் குட்டி, கண்ணை மூடிக் கிடந்தது.

டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார். "அடப்பாவிங்களா! தொண்ணூத்துமூணாவது முறைக்கு இவங்க ரெண்டு பேரும் உயிரோட இருப்பாங்களா? முறையாவது, கிறையாவது!" என்று சொல்லி அலகை விட்டார். ஒரே இழுப்பு! முள் வெளியே வந்து விழுந்தது.

அணில் இலையில் தண்ணீர் கொண்டுவந்தது. கரடி ஓடிப்போய் ஒரு எறும்புப் புற்றையே பெயர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது. எறும்புகளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. வடிவு நக்கினாள், நக்கினாள், புற்று காலியாகும்வரை நக்கினாள். வெயில் சாய்கிற நேரத்தில் குட்டி கண்ணைத் திறந்து பாலுக்கு முட்டியது. டாக்டரம்மா அந்தப் பக்கமாகத் திரும்பி இறக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யானையம்மா எல்லோரையும் பார்த்தார். "நிஜமா வலி இருக்கறவங்க மட்டும் இப்ப இங்க வந்து நில்லுங்க! சிறுத்தைக்கு முன்னாடி ஒரு முள்ளம்பன்றி, பின்னாடி ஒரு முள்ளம்பன்றி!"

புது வரிசை நின்றது. நடுவில் சிறுத்தை மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டது. எண்ணிப் பார்த்தால், வடிவையும் சேர்த்துப் பத்தொன்பது பேர்.

சிங்காரம் விடவில்லை. "அப்பவும் பத்தொன்பது! முன்னாடி நாலே நாலு பேர்தானே? இலவசம்னதாலதானே இவ்வளவு கூட்டம்? நான் சொன்னது சரிதானே?"

"வரிசை நீண்டிருக்கு, வாஸ்தவம்தான்" என்றார் யானையம்மா.

அப்போது வடிவு வாயைத் திறந்தாள். நாக்கு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாள்.

"ஐயா, முன்னாடியும் இத்தனை பேர்தான். நாலு பேர் இங்க நின்னீங்க. மத்தவங்க வளைக்குள்ள காத்துக்கிட்டிருந்தோம். போன மழைக்கு என் மூத்த குட்டிக்குக் காய்ச்சல். எனக்குப் பாறை ஏறித் தேன் எடுக்கத் தெரியலை. ஒன்பது நாள் காத்திருந்தோம். காத்திருந்தபடியே அது செத்துப்போச்சு. அந்த வரிசையை நீங்க எண்ணினீங்களா ஐயா?"

சிங்காரம் திரும்பி நடந்தார். நாற்பத்தொன்றாவது கல்லைத் தூக்கி ஆற்றில் போட்டார். அடுத்ததையும் போட்டார். இருபத்தொன்றையும் போட்டு முடித்துவிட்டு, மலைத்தேன் எடுக்கப் பாறைப் பக்கம் போனார், காட்டுப் பொதுவுக்காக.

யானையம்மா அன்றைக்கே மரங்கொத்தி போலவே மரம் குடைகிற இரண்டு குக்குறுவான் பறவைகளையும் கரடியையும் டாக்டரம்மாவிடம் வேலை பழக அனுப்பினார். உயிருக்குப் போராடுகிறவருக்கே முதல் இடம் என்று விதியை மாற்றினார். வரிசை அப்புறமும் இருக்கத்தான் செய்தது. சில நாள் காலையிலிருந்து மத்தியானம்வரை நிற்க வேண்டியிருந்தது. சிங்காரமும் அதில் நின்றார். நொடிக்கொரு தடவை முணுமுணுத்தார், ஆனால் நின்றார்.

வைத்தியத்துக்கு வரிசை நீண்டால் வைத்தியரைக் கூட்ட வேண்டுமே தவிர, ஏழையை வாசலில் நிறுத்திவிட்டு வரிசையே இல்லை என்று பெருமைப்படக் கூடாது.