மூணாவது தடவை

அறுபது வயசுல ஒருத்தர் சிஷ்யனாச் சேர்ந்தா ஊர் சிரிக்கத்தான் செய்யும். செண்பகராமனைப் பார்த்தும் சிரிச்சது. முப்பத்து மூணு வருஷம் கரண்டுக் கம்பத்துல ஏறி இறங்கின மனுஷன், ரிட்டயர் ஆன கையோட திருநெல்வேலி ஜங்ஷன்ல ஜமீலா கடைக்கு வந்து, "டீச்சர், எனக்கும் தொழில் சொல்லிக் குடுங்க"ன்னு நின்னார். ஜமீலாவுக்கு அப்போ வயசு முப்பத்தொண்ணு.

பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுது. நடுவுல நெஞ்சு உயரத்துக்கு ஒரு பிளைவுட் தட்டிதான். அங்க தும்மினா இங்க கேக்கும்.

செத்துப்போன போனுக்கு உயிர் குடுக்கிறது ஜமீலா தொழில். கிரிப்டோ காசை வாங்கி வச்சுட்டு வழி தெரியாமத் தொலைச்சவங்களும் அவகிட்டதான் வருவாங்க. சிலதை மீட்டுக் குடுப்பா. முடியாததுக்கு ஒரே சொல்தான்: "வராது." ஆறுதல் கீறுதல் ஒண்ணும் கிடையாது.

அன்னிக்கு மத்தியானம் ஒரு லாட்ஜ்காரர் வந்தார். காசைத் திறக்கிற ரகசிய வார்த்தைகளை, மறந்துரக் கூடாதேன்னு போன்ல படம் எடுத்து வச்சிருக்கார். படம் எவன் கண்ணுலயோ பட்டுருச்சு. காசு போயிருச்சு.

"இதுக்கு எந்த பேங்க்ல போய்க் கேக்கட்டும்?"

"இதுக்கு பேங்க் கிடையாது."

"மேல யாராவது அதிகாரி?"

"மேல யாரும் இல்ல அண்ணாச்சி. போலீசுல எழுதிக் குடுங்க. ஆனா வராது."

மனுஷன் வாய்க்கு வந்தபடி ஏசிட்டுப் போனார். ஜமீலா அடுத்த போனைக் கையில எடுத்துட்டா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்கன்னு சொல்லக்கூடாதா?

செண்பகராமன் மட்டும் வேலையை நிறுத்திட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

சட்டைப் பையில இருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரிச்சார். உள்ள பென்டிரைவ் மாதிரி ஒரு சின்னக் கருவி, குட்டித் திரையோட. கிரிப்டோ காசைப் பூட்டி வைக்கிறது.

"யாருது?"

"என் மகன் நவநீதனுது."

ஒரே மகன். போன வருஷம் ஐப்பசியில பெங்களூர்ல பைக்குல போய் லாரியில அடிபட்டுப் போயிட்டான். அது ஜமீலாவுக்கும் தெரியும். இந்தக் கருவி விஷயம்தான் தெரியாது.

"பதினோரு மாசமா இதுக்காகத்தான் கடைக்கு வாரீங்களா?"

"ஆமா."

"காசுக்காகவா?"

"காசு யாருக்கு வேணும் டீச்சர்? அவன் விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான்."

"திறக்கிற நம்பர் தெரியுமா?"

"எத்தனை இலக்கம்னு கூடத் தெரியாது. அவன் பொறந்த நாளைப் போட்டேன், தப்புன்னுது. வேலையில சேர்ந்த நாளைப் போட்டேன், அதுவும் தப்பு. இன்னும் ஒரே தடவைதான் பாக்கி. எந்த நம்பரை அழுத்தட்டும்? நீங்களே சொல்லுங்க."

ஜமீலா டிராயரைக் கிண்டி அதே மாதிரி இன்னொரு கருவியை எடுத்தா. காசு எதுவும் இல்லாதது, பாடம் எடுக்க வச்சிருந்தது.

"இதுல வாய்க்கு வந்த நம்பரை மூணு தடவை அழுத்துங்க."

அழுத்தினார். மூணாவது தடவை திரை அணைஞ்சது. சத்தம் இல்ல, புகை இல்ல. கொஞ்ச நேரத்துல தானா எரிஞ்சு, புது ஆளை வாங்க வாங்கன்னு கூப்பிடுற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு வரி காட்டுச்சு.

"இப்ப உள்ள என்ன இருக்கு டீச்சர்?"

"ஒண்ணும் இல்ல."

"இதுக்கு முன்னாடி யார் வச்சிருந்தாங்கன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

செண்பகராமன் கை தானாப் போய் மகனோட கருவியைக் கைக்குட்டையால மூடுச்சு, பச்சப்பிள்ளை மேல வெயில் படாம மூடுற மாதிரி.

"அவன் மறக்கவே முடியாத நாள் எது அண்ணாச்சி?"

"பிளஸ் டூல ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தானே, அன்னிக்குத்தான்."

"அது உங்களுக்கு. அவனுக்கு?"



"தெரியல டீச்சர். ஆறு வருஷம் அங்க இருந்தான். போன் போட்டுச் சாப்பிட்டியான்னு கேப்பேன். சாப்பிட்டேம்பான். வச்சிருவேன். யார்கூடப் பழகினான், எதுக்கு அழுதான், ஒண்ணும் தெரியாது. பெத்தவன் நான், ஒரு நம்பர் சொல்ல வக்கில்ல."

அழுதார். ஆம்பளை அழுற சத்தத்தைத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து கேக்கிறது பெரிய கொடுமை. மிஷினை ஓட விட்டுரலாமான்னு கூட நினைச்சேன்.

ஜமீலா காத்திருந்துட்டுக் கேட்டா. "காசைத் திறக்கிற ரகசிய வார்த்தை இருபத்துநாலு எழுதி வச்சிருப்பானே. அது இருந்தா இந்த நம்பரே வேண்டாம். வேற கருவியில போட்டுத் திறந்துரலாம்."

அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

"இருந்துச்சு. அவன் பையில ஒரு சின்ன நோட்டு. ஒண்ணு, ரெண்டுன்னு போட்டு இங்கிலீஷ் வார்த்தையா எழுதியிருந்தான். எனக்கு என்ன தெரியும்? எப்பவும் கூடவே வச்சிருந்தானாம். போற இடத்துல தேடுவான் என் பிள்ளைன்னு, பாடை தூக்குறதுக்கு முன்னால அவன் அம்மா அதை நெஞ்சு மேல வச்சா. அதோடதான் கொள்ளி வச்சேன். தை மாசம் நீங்க இந்த வார்த்தைப் பாடம் எடுத்தீங்க பாருங்க, அன்னிக்குத்தான் எரிச்சது என்னன்னு விளங்குச்சு."

"மதினிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உயிரோட இருப்பாளா? இதுக்குள்ள அவன் குரலும் படமும் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. காசு மட்டும்தான் இருக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சாயங்காலம் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள கேக்கா, படிச்சு முடிச்சாச்சா, எப்பத் திறப்பீங்கன்னு. இன்னும் கொஞ்சம் பாடம் பாக்கி இருக்கும்பேன். சரின்னு சோறு போடுவா."

ஜமீலா அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கிட்டு இருந்தா. இப்பச் சொல்லப் போறா வராதுன்னு நினைச்சேன். அவ சொல்லல.

"மூணு மாசத்துலயே எல்லாம் கத்துக்கிட்டீங்க அண்ணாச்சி. சொல்லிக் குடுக்க எங்கிட்ட இனி ஒண்ணும் இல்ல."

"அப்ப நாளையில இருந்து வர வேண்டாமா?"

"வாங்க."

"எத்தனை நாளைக்கு டீச்சர்?"

ஜமீலா கைக்குட்டையை மடிச்சு, கருவியோட அவர் சட்டைப் பையில திரும்ப வச்சா.

"மதினி கேக்கிறதை நிறுத்துற வரைக்கும்."